மாடி அறைக் கலைக்கூடத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்ன நடத்தலாம்?

மாடியறைப் பொறுப்பாளர்:
வணக்கம். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில், பாய் விரித்தால் நாற்பது பேர் உட்காரக்கூடிய சிறு கலைக்கூடம் ஒன்றை நடத்தி வருகிறோம். பரத வகுப்பும் மிருதங்க வகுப்பும் ஆண்டு முழுவதும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொதுமக்களுக்காகவும் ஏதேனும் நடத்த வேண்டும் என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. ஆனால் ஜூலை 7 உலகப் பாரம்பரிய நகர நாளும், 2010இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் கலைவிழாவும் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே வருவதால், எங்கள் மாடிப்படியை யார் ஏறுவார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய மேடைக்காரர்:
வணக்கம். பெரிய விழாவோடு போட்டி போடாதீர்கள். அங்கே பார்வையாளராக மட்டுமே இருக்க முடிந்தவர், உங்கள் அறையில் தாமே பாடவும் ஆடவும் இடம் இருக்கட்டும். என் விருப்பம் போரியா என்னும் குழுப்பாட்டுக் கலை. மதராஸ் படைப்பிரிவு வீரர்களோடு 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கு வந்து, முஹர்ரம் நாள்களில் தெருத்தெருவாகப் பாடப்பட்டு, பிறகு முழுக்க மலாய்க் கலையாகவே வேரூன்றிவிட்ட இந்த வடிவத்தை நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை. தலைமைப் பாடகர் ஒரு கண்ணியைப் பாட, குழு பல்லவியைத் திருப்பிப் பாடும். அடிகள் இயைபில் முடியும். ஊர் நடப்பைக் கிண்டல் செய்வதற்கும் அதில் தாராளமாக இடமுண்டு. ஆகவே முதல் ஒரு மணி நேரம் பயிற்றுநர் கற்றுத்தரட்டும், அடுத்த ஒரு மணி நேரம் வந்தவர்களே வாகன நெரிசலைப் பற்றியோ நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையைப் பற்றியோ கண்ணி கட்டட்டும். பினாங்கில் போரியாக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. நேரில் சென்று முறையாக அழையுங்கள்.

உறுமி மேளத்தை மட்டும் மாடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைவீடுகளுக்குப் பக்கச்சுவர் பொது, தளமோ பலகை. கோலாட்டம் ஆடினாலே பலகை இடுக்கு வழியாகக் கீழ்க்கடைத் துணிக்கட்டுகளின்மேல் தூசி கொட்டும். உறுமி அடித்தால் பக்கத்துக் கடைக்காரரும் படியேறி வந்துவிடுவார் (ரசிப்பதற்கு அல்ல).

ஜாலான் மஸ்ஜித் வாசகி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொதுமக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துவதற்கு முன், பினாங்கு மாநகர் கழகத்தில் உங்கள் நிகழ்ச்சிக்கு எந்த அனுமதி தேவை என்று எழுத்துமூலமாகக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து பறையாட்டக் கலைஞரை வரவழைக்கும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி வழங்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல் தனியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரை மேடையேற்றுவது உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து. திரைப்பாடல்களைப் பொதுவில் ஒலிக்கவிடுவதற்கும் எம்ஏசிபி போன்ற இசைப் பதிப்புரிமை உரிம அமைப்புகளிடம் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து:
போரியா நல்ல யோசனைதான் என்றாலும், மூன்று மாதமும் அதையே நம்பியிருக்க வேண்டாம். தாத்தா பாட்டிமாரை அழைத்துத் தோட்டப்புறத் தாலாட்டையும் கும்மியையும் பாடவைத்து, அவர்களின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். இதற்கு மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். நேரம் ஞாயிறு காலையாக இருக்கட்டும். சனிக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்த இடம் தேடியே நிகழ்ச்சி நேரம் முடிந்துவிடும், மூட்டுவலிக்காரர்களை வெகுதூரம் நடக்கவைப்பதும் சரியில்லை.

மாடியறைப் பொறுப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. ஜூனில் ஞாயிறு காலைக் கும்மியும் தாலாட்டும், ஜூலை கடைசியில் ஒரு போரியாப் பயிற்சி என்று குழுவில் முன்வைக்கிறேன். மாநகர் கழகத்துக்குக் கடிதம் இந்த வாரமே போகும். பாட வரும் பெரியவர்களுக்குப் பயணச் செலவாக எவ்வளவு ரிங்கிட் கொடுப்பது முறை என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.