அமைதியான கிரேக்கத் தீவில் கடற்கரை விடுமுறை: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

சாந்தோரினியும் மிக்கோனோஸும் வேண்டாம், கூட்டமில்லாத தீவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் குடும்பத்தோடு போன நாக்சோஸைத் தயங்காமல் சொல்வேன். சிக்லாடிஸ் என்ற தீவுக்கூட்டத்திலேயே அதுதான் பெரியது. ஊருக்கென்று விவசாயம் உண்டு, மாடு உண்டு, அவர்கள் உருளைக்கிழங்குக்கும் கிராவியேரா பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுக்கப் பெயர் உண்டு. சுற்றுலாவை மட்டும் நம்பாத ஊர் என்பதால் மனிதர்கள் அவசரமில்லாமல் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தீவு பிடித்துப் போனதற்கு முதல் காரணம் அதுதான்.

எல்லா ரிசார்ட்டும் தன்னை அமைதியான இடம் என்றுதான் விளம்பரம் செய்கிறது. அதை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். எந்த மாதம், எந்தக் கடற்கரை, காற்று எந்தப் பக்கம் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள், அறையை அப்புறம் பார்க்கலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் கடற்கரையில் நடந்தால் மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தும். துண்டை விரித்துப் படுக்க முடியாது. நாக்சோஸில் நல்ல மணல் கடற்கரைகள் மேற்குப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. துறைமுக ஊரான சோராவிலிருந்து நடந்தே போகக்கூடியது அயியோஸ் யோர்யியோஸ். அதற்குத் தெற்கே அயியோஸ் ப்ரோகோபியோஸ், அயியா அன்னா, பிறகு நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் பிளாக்கா. அதையும் தாண்டினால் மிக்ரி விக்லா. அங்கே காற்று பலம் என்பதால்தான் பட்டம் கட்டிக்கொண்டு அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். ஓய்வெடுக்கப் போகிறவர்கள் அங்கே அறை எடுக்க வேண்டாம். ப்ரோகோபியோஸுக்கு வடக்கே ஒரு மேடு மறைத்து நிற்பதால் காற்று அவ்வளவாகத் தாக்குவதில்லை. நாங்கள் தங்கியது பிளாக்காவில். செப்டம்பர் நடுவில் காற்று தணிந்துவிட்டது, கோடை முழுக்க வெயில் குடித்த கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. அதையொட்டிக் கிரேக்கர்களே பாதிப் பேர் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரத்தில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

போவதற்கு ஏதென்ஸிலிருந்து சின்ன விமானமும் உண்டு. எனக்குக் கப்பல்தான் பிடித்தது. 2022 முதல் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை மெட்ரோ நேராகவே போகிறது, சுமார் ஒரு மணி நேரம். பெரிய கப்பலில் நாக்சோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிவேகப் படகில் நேரம் மிச்சம், ஆனால் காசு அதிகம், குலுக்கலும் அதிகம், காற்று கூடினால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். குழந்தைகளோடு போகிறவர்கள் பெரிய கப்பலையே எடுங்கள், மேல்தளத்தில் ஓடி விளையாடலாம்.

இறங்குவது ஒரு தனி அனுபவம். தீவு நெருங்கியதும் எல்லாரையும் கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு வரச் சொல்வார்கள். டீசல் வாடை, லாரி எஞ்சின் உறுமல், பெட்டியைப் பிடித்தபடி நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். கப்பல் இன்னும் பின்வாங்கிக்கொண்டிருக்கும்போதே சங்கிலி சத்தத்தோடு பின்கதவு இறங்க, வெளிச்சம் ஒரே அடியாக உள்ளே பாயும். சில நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும், கப்பல் காத்திருக்காது. வெளியே வந்தால் எதிரே குன்றின்மேல் போர்த்தாரா, கட்டி முடிக்கப்படாத கோயிலின் பெரிய பளிங்கு வாசல். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. வாரத்துக்கு மூன்று தீவு என்று திட்டம் போடாதீர்கள். ஒரே தீவு, ஒரே அறை. காற்று பலத்தால் துறைமுகத்தில் கப்பல்களை விடாமல் நிறுத்திவைக்கும் நாட்களும் உண்டு, அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று நான் எழுதுகிறேன். என் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அவரை அழைத்துக்கொண்டு அதே நாக்சோஸுக்குப் போனபோது பாதிப் பெட்டி அவலும் ஊறுகாயும்தான். பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது.

அயியா அன்னாவில் கடலைப் பார்த்த ஒரு தாவெர்னா, அதாவது சின்ன உணவகம். நடத்துகிற அம்மாவுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைதான் தெரியும். மெனுவைக் காட்டி நாங்கள் திணறியதைப் பார்த்துவிட்டு, மாமியார் கையைப் பிடித்து நேராகச் சமையலறைக்கே கூட்டிப்போய்விட்டார். அடுப்பிலிருந்து வந்த தட்டுகள் வரிசையாக இருந்தன. தக்காளிக் குழம்பில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, அதற்குப் பெயர் யீகாந்தெஸ். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சுரைக்காய் வகையும் சேர்த்து எண்ணெயில் வதங்கிய ப்ரியாம். மஞ்சள் பருப்பு மசியல், அதுதான் ஃபாவா, மேலே பச்சை வெங்காயம். ஒவ்வொன்றையும் மாமியார் விரலால் காட்டக் காட்ட அந்த அம்மா தட்டில் வைத்துக்கொண்டே போனார். வேகவைத்து எலுமிச்சை பிழிந்த கீரை ஒன்று வந்தது, வ்லீதா என்றார்கள். நம்ம ஊர்க் குப்பைக்கீரை இனமேதான், ருசியும் அதே. மாமியார் இரண்டாவது தட்டு வாங்கினார்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு நாட்கள் அதிகம். இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாத சமையல் அவர்கள் வீட்டிலேயே உண்டு. நிஸ்திசிமோ, அதாவது நோன்புச் சாப்பாடு, என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். ஆகஸ்ட் 1 முதல் 14 வரையும் நோன்புதான். ஆனால் நண்டு, இறால், கணவாய் எல்லாம் நோன்பிலும் சாப்பிடுவார்கள், அதைத் தனியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிசி அடைத்த தக்காளி, திராட்சை இலைச் சுருள் இரண்டிலும் சில கடைகளில் கொத்துக்கறி இருக்கும், கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் போனால் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும், ஊர்க்காரர்கள் ஒன்பதுக்கு மேல்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பசி தாங்காது என்றால் அந்தக் காலி நேரம் நமக்கு வசதி.

* * *

இன்னும் சின்னத் தீவு வேண்டும் என்றால் கூஃபோனிசியா. நாக்சோஸிலிருந்து ஸ்கோபெலிதிஸ் என்ற சிறு கப்பல் போகிறது, வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். அங்கே வண்டியே தேவைப்படாது. ஃபீனிகாஸ், ஃபானோஸ், போரி என்று கடலோரப் பாதையில் ஒவ்வொரு கடற்கரையாக நடந்தே போகலாம். கடைகள் குறைவு, கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மதியம் மூன்று முதல் ஐந்தரை வரை ஊர் தூங்கும், சத்தம் போடக் கூடாது. கழிவறைக் காகிதத்தைப் பக்கத்தில் உள்ள கூடையில்தான் போட வேண்டும், அங்கே குழாய்கள் குறுகல்.

கிரீஸில் கடற்கரை எல்லாருக்கும் பொது. குடைக்கும் படுக்கைக்கும் காசு கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொந்தத் துண்டை விரிக்கலாம். 2023 கோடையில் பரோஸ் தீவு மக்களே இதற்காகத் துண்டோடு போராட்டம் நடத்தினார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிவிட்டது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் (அப்பாயின்ட்மென்ட்) கிடைப்பது கஷ்டம், செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே ஆரம்பியுங்கள். அறை வாடகைக்கு மேல் அரசின் தங்கல் வரி தனியாக உண்டு, நட்சத்திரம் கூடக் கூட அதுவும் கூடும். பெரும்பாலும் அறைக்குப் போனதும் வசூலிப்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பூவும் பச்சையுமாக மலை அழகாக இருக்கும், அறையும் மலிவு. கடல் மட்டும் குளிரும். நீச்சல்தான் முக்கியம் என்றால் செப்டம்பர்.