பரிந்துரைக் கடிதத்தில் 'இன்டலிஜென்ட்' என்று எழுதினால் போதுமா?

ஊதா மூடி:

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னிடம் மூன்று ஆண்டுகள் இருந்த பெண் மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் வார்டிலிருந்து வந்த ரத்த மாதிரியில் பொட்டாசியம் 9.8 என்று எந்திரம் காட்டியது. 5-ஐத் தாண்டினாலே கவனிப்போம். இது இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடிய அளவு. டாக்டரை அழைக்க நான் போனை எடுத்துவிட்டேன். அவள், "சார், கால்சியத்தையும் பாருங்கள்" என்றாள். 4.1, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. உடனே அவளே வார்டுக்குப் பேசினாள். நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். "ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தத்தை எங்களுக்கு அனுப்பிய டியூபில் ஊற்றினீர்களா?" என்று கேட்டாள். ஊற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அந்த டியூபில் போட்டிருப்பது ஒரு பொட்டாசியம் உப்பு; அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்று ஏறி மற்றது இறங்கியிருந்தது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பொட்டாசியம் 4.2.

இப்படிப்பட்டவளை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது? 'இன்டலிஜென்ட்' என்று எழுதினேன், சப்பென்று இருந்தது. அகராதியைத் திறந்தால் ஷ்ரூட், அஸ்ட்யூட், சகேஷியஸ், பெர்ஸ்பிகேஷியஸ் என்று ஒரு பட்டாளமே வருகிறது. எல்லாவற்றுக்கும் 'கூர்மதியுள்ள' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். ஜவுளிக் கடைக்காரர் எடுத்துப் போடும் ஒவ்வொரு சேலையையும் 'நல்ல சேலை' என்றே சொன்னால் நான் எதை வாங்குவது?

சாக்பீஸ்:

தம்பி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை நான். முதலில் ஷ்ரூடை அடித்துவிடுங்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் அதற்குக் கெட்ட குணம் உள்ளவன் என்றே பொருள். இன்று அது பாராட்டுதான், ஆனால் பேரம் பேசுகிற வாடை போகவில்லை. அஸ்ட்யூட் அதற்குப் பங்காளி. இலத்தீனில் அதன் வேர் தந்திரம். தனக்கு எங்கே ஆதாயம் என்று சட்டென்று கண்டுகொள்பவருக்கு இரண்டும் பொருந்தும்: மனை வாங்குகிறவர், கூட்டணி பேசுகிறவர்.

சகேஷியஸின் கதை எனக்குப் பிடித்தது. இலத்தீனில் அது மோப்பத்தோடு சேர்ந்த சொல். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வேட்டை நாயின் மூக்கைப் புகழ அதைத்தான் சொன்னார்கள். நாயிடமிருந்து எப்படியோ நரைத்த தாடிக்காரர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. இளம்பெண்ணுக்குப் போட்டால் தாத்தாவின் கோட்டை மாட்டிவிட்டதுபோல் இருக்கும்.

பெர்ஸ்பிகேஷியஸ் என்றால் ஊடுருவிப் பார்ப்பவர். பொருள் சரி, கனம் அதிகம். அதற்கு அடுத்த வீட்டிலேயே பெர்ஸ்பிகுவஸ் குடியிருக்கிறது. அது எழுத்தோ பேச்சோ தெளிவாக இருப்பதைச் சொல்வது. நானே ஒரு முறை ஆண்டு மலரில் தலைமை ஆசிரியரைப் பெர்ஸ்பிகுவஸ் என்று எழுதி, அவரைத் தெளிவான உரைநடை ஆக்கிவிட்டேன். நல்லவேளை, அவர் கணக்கு ஆசிரியர்.

உங்களுக்கு வேண்டியது பெர்செப்டிவ். அப்சர்வன்ட் போதாது. கால்சியம் 4.1 கண்ணில் பட்டதே, அதுவரைக்கும் அப்சர்வன்ட். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, வார்டில் யாருடைய கை என்ன செய்திருக்கும் என்று உணர்ந்துகொண்டாளே, அங்கேதான் பெர்செப்டிவ் வருகிறது. நம்முடைய குறிப்பறிதல் அதற்கு நெருங்கிய உறவு. வள்ளுவர் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார், ஒன்று பொருட்பாலில், இன்னொன்று காமத்துப்பாலில். ஆய்வகத்துக்கு வைக்கவில்லை.

பக்கத்துக்கு இவ்வளவு:

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. டீச்சர் ஷ்ரூடை இவ்வளவு அடித்திருக்க வேண்டாம். 'ஷ்ரூட் அப்சர்வர்' என்றால் கலப்படமில்லாத பாராட்டு. கிரிக்கெட் வர்ணனையில் நல்ல தலைவர்களையெல்லாம் ஷ்ரூட் என்றுதான் சொல்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்தக் கடிதத்துக்கு வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை வேறு. பெயரடையே எதற்கு, சார்? தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்றைக்கு எத்தனை 'பெர்செப்டிவ்'களைப் படித்திருப்பாரோ! இட்லி சாப்பிட்ட நோயாளியை ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார். எங்களுக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொல்லுங்கள்.

சொல் இல்லாமல் மனம் ஆறாது என்றால் அக்யூமென் இருக்கிறது. அது பெயர்ச்சொல்; தீட்டிக் கூராக்குவது என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் கூர்மதியும் கத்தியை நினைத்துப் பிறந்ததுதானே. 'கிளினிக்கல் அக்யூமென்' மருத்துவ வட்டாரத்தில் புழங்குகிற தொடர். ஆனால் அது டாக்டர்களுக்கே உரிய சொத்து என்று நினைக்கிறவர்களும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ்:

நிகழ்ச்சியை எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் கதையைச் சொல்லிவிட்டுப் பெயர் வைக்காமல் விட்டால், படிப்பவர் 'அதிர்ஷ்டசாலி' என்று வைத்துவிடுவார்.

மூன்றாம் மாடி:

ஒன்றே ஒன்று: 'இன்சைட்ஃபுல்' என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் யார் எதைப் பேசி முடித்தாலும் கைதட்டுவதற்குப் பதில் அதைத்தான் சொல்கிறார்கள். 'டிஸ்சர்னிங்' என்பதும் வேண்டாம். அது விளம்பரத்தில் வாடிக்கையாளரைக் குளிர்விக்கிற சொல்.

ஊதா மூடி:

டீச்சருக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. நிகழ்ச்சியை ஏழு வரிகளில் எழுதி, கடைசி வரியில் பெர்செப்டிவ் என்று ஒரே ஒரு முறை போட்டேன். மற்ற பெயரடைகள் எல்லாம் போய்விட்டன. இட்லியை 'பிரேக்ஃபாஸ்ட்' என்று மாற்றலாமா என்று சிறிது நேரம் யோசித்தேன். இட்லியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் பெயரும் தேதிகளும் சரியா என்று பார்க்க அவளிடம் கொடுத்தேன். புகழ்ச்சி வரியில் அவள் கண் நின்றதாகத் தெரியவில்லை. "சார், அன்றைக்குப் பொட்டாசியம் 9.8 இல்லை, 9.6" என்றாள். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 9.6.