மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் பெண் ஓவியர்களின் பட்டறைகள்: போனவர்கள் சொல்லுங்கள்

தூரிகைவால்:
மங்கோல் ஜூராக் என்ற மங்கோலிய ஓவியப் பாணி பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் போன பட்டறையில் கண்ணை விட்டு அகலாதது வெறும் துணிதான். பருத்தித் துணியை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டி, வெதுவெதுப்பான தோல்பசை பூசிக் காயவிடுகிறார்கள். பிறகு அதே பசையில் குழைத்த சீமைச்சுண்ணாம்பை இரண்டு பக்கமும் மெல்லிசாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகிறார்கள். லேசான ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்தாக வேண்டும். பசை கூடினால் வெடிக்கும், குறைந்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும். பட்டறை ஓவியர் அம்மா சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் மறுபடி பசைச் சட்டியை அடுப்பில் வைத்தார்.

நாலாவதுமாடி:
நீங்கள் பார்த்தது தாங்கா முறை, அதாவது துணியில் தீட்டிச் சுருட்டி வைக்கும் பௌத்த ஓவிய முறை. மங்கோல் ஜூராக் ஓவியர் ஊரீன்துயா தக்வாசம்பு தீட்டுவது அக்ரிலிக்கில். அவரும் இன்னொரு ஓவியர் நோமின் போல்டும் 2015இல் பிரிஸ்பேன் ஆசிய பசிபிக் கண்காட்சிக்குப் போனவர்கள். நோமின் 2017இல் டாக்குமென்டா 14 என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கும் போனார். மங்கோல் ஜூராக் ஏதோ ஆதிகாலக் கலை என்பதுபோல் சிலர் எழுதுவதையும் நிறுத்தலாம். அந்தப் பெயரில் அது உருப்பெற்றது போன நூற்றாண்டில்தான். எல்லாப் பட்டறையிலும் தூரிகை இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 வெனிஸ் கலைக் கண்காட்சியில் மங்கோலியாவுக்காகப் பங்கேற்ற முன்க்சேத்செக் ஜல்காஜாவ் துணியைத் தைத்துச் சிற்பமும் செய்பவர்.

தூரிகைவால்:
அக்ரிலிக் இல்லை என்று யார் சொன்னது? அடித்தளத்தைப் பற்றித்தானே எழுதினேன். மங்கோல் ஜூராக்கில் நிழல் கிடையாது, எல்லாம் கோடும் தட்டை வண்ணமும். மேடு பள்ளம் இருந்தால் மெல்லிய கோடு அங்கேயே தடுக்கி நிற்கும், வண்ணம் எதுவானாலும் சரி.

பார்சல்காரர்:
படம் வாங்கப் போகிறவர்களுக்கு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஜூலை 11 முதல் 13 வரை நாதம் விழா, பட்டறைக் கதவைத் தட்டிப் பயனில்லை. சாகான் சார் புத்தாண்டுக்கும் அப்படியே. நோமினை "போல்ட் மேடம்" என்று கூப்பிடாதீர்கள், அது அப்பா பெயர். உப்புப் போட்ட பால் தேநீர் தந்தால் வலது கையால் வாங்குங்கள், இடது கை வலது முழங்கையைத் தாங்கட்டும். இனிமேல்தான் முக்கியமானது. குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 25 டிகிரி சாதாரணம். 5 டிகிரிக்குக் கீழே போனாலே அக்ரிலிக் விறைக்கும், அந்த நிலையில் சுருட்டினாலோ பிரித்தாலோ கீறல் விழும். சூடான அறையிலேயே சுருட்டச் சொல்லுங்கள். வண்ணப் பக்கம் வெளியே, 10 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள குழாய், நடுவில் சிலிக்கான் பூசிய தாள். சாதாரண பிளாஸ்டிக் தாள் வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் பிரிக்காமல் அறையில் வையுங்கள். பொன்தாள் ஒட்டிய படத்தைச் சுருட்டவே வேண்டாம், பெட்டியில் தட்டையாகப் போகட்டும். பழம்பொருள் ஏற்றுமதிக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. ஓவியர் பெயர், ஆண்டு, விலை எழுதிய ரசீது கையில் இருந்தால் புதுப் படம் என்று காட்டலாம்.

நாலாவதுமாடி:
சீமைச்சுண்ணாம்புத் தளத்துக்கு இந்தக் குழாய்க் கதை சரிவராது. சட்டத்தோடே அனுப்பச் சொல்லுங்கள்.

தூரிகைவால்:
தாங்காவே சுருட்டுவதற்கென்று செய்ததுதான் ஐயா. பூச்சு மெல்லிசாகவும் பசை அளவாகவும் இருந்தால் தாங்கும். வெடித்திருந்தால் விளிம்பில் பூச்சின் தடிமனை முதலில் பாருங்கள், குழாயைத் திட்டுவதெல்லாம் அப்புறம்.