235 தொட்ட கார் இப்போது 218-ல் நின்றுவிடுகிறது

2 லிட்டர் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார், டர்போ இல்லை, 200 குதிரைத்திறன், 6 கியர். பந்தயத் தடத்தின் அதே நேர்பாதையில் முன்பு ஜிபிஎஸ்ஸில் 235 கி.மீ. காட்டியது. இரண்டு மாதங்களுக்கு முன் பின்னால் பெரிய இறக்கை பொருத்தினேன். அன்றிலிருந்து ஐந்தாவது கியரில் 6,500 சுற்றில் 218, அவ்வளவுதான். முள் நடுங்குகிறது, ஏறவில்லை. ஆறாவதில் 200-ஐத் தாண்டவே திணறுகிறது. அது எரிபொருள் மிச்சப்படுத்தும் கியர், அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினேன். பிரேக் உரசவில்லை, டயர் காற்றும் சரி. நேற்று இறக்கையையே கழற்றினேன்: 224! காற்றைக் கிழிக்கும் திறன் வேகத்தின் முப்படியாக ஏறுவதால், 218-லிருந்து 235-க்கே ஏறக்குறைய கால்பங்கு கூடுதல் திறன் வேண்டும்.

200-ல் நியூட்ரலுக்கு மாற்றி, 160-க்கு இறங்கும் நேரத்தை அளந்தால், குறை எஞ்சினிலா காற்றுத்தடையிலா என்று பிரித்தறிய முடியுமா?