‘ஸ்ட்ரிப்’ ஒன்று, கோளாறு இரண்டு: மரைத்தேய்வு, தலைமழுங்கல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தேய்ந்து பிடிப்பு இழந்த போல்ட்டை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரிப்டு போல்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘உரிந்த மரையாணி’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தோல் உரியும், மரப்பட்டை உரியும், இரும்பு தேயும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேறு கோளாறுகளைக் குறிக்கிறது. நாமும் ஒற்றைச் சொல்லோடு நின்றால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

போன வாரம் மகளுக்கு ஒரு படிப்பு மேசை வாங்கினோம். பலகைகளாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளும், அவற்றைத் திருக 4 மி.மீ. ஆலன் கீ என்னும் வளைந்த அறுகோணக் கம்பி ஒன்றும் கூடவே இருந்தன. ஒரு காலில் போல்ட் பாதியிலேயே இறுகி நின்றது. அழுத்தித் திருப்பினேன், கீ வழுக்கிக்கொண்டு சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தால் போல்ட் தலையின் அறுகோணக் குழி வட்டமாகியிருந்தது. கீயின் நுனியில் முடி மாதிரி ஒரு உலோகச் சுருள். அடுத்த காலில் நேர்மாறு. கீ கச்சிதமாகப் பிடிக்கிறது, போல்ட்டும் சுற்றுகிறது, ஆனால் எவ்வளவு சுற்றினாலும் இறுகவே இல்லை.

ஹார்ட்வேர் கடையில் போய்ச் சொன்னதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “மரை போச்சா, தலை போச்சா?”

மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஓடும் வரி. முதல் காலில் போனது தலை, அடுத்ததில் மரை. நமக்கு வேண்டிய பாகுபாடு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. வைத்தியமும் வேறு வேறு. தலை போனதற்கு அகலமான ரப்பர் பேண்டைக் குழிமேல் வைத்து, கீயை அழுத்தித் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. குழியைவிடச் சற்றே பெரிய ஸ்டார் பிட்டை (நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகு கழன்றது. மரை போனதற்கு போல்ட்டையும், பலகைக்குள் இருக்கும் உருளை நட்டையும் சேர்த்தே மாற்றினேன். அந்த நட்டு சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் போல்ட் கோணலாக ஏறி மரையைத் தின்றிருக்கிறது. நட்டின் முகத்தில் உள்ள கோடு போல்ட் வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம், முதலில் போல்ட்டை இடப்பக்கமாகச் சுற்றி, ‘டக்’கென்று மரையில் விழுந்த பிறகு முடுக்கினால் கோணலாக ஏறாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தலைக்கு ‘மழுங்கல்’ அப்படியே பொருந்துகிறது. கத்தி மழுங்கும், பென்சில் முனை மழுங்கும்; இங்கே ஆறு மூலையும் மழுங்கியிருக்கின்றன. ‘குழிமழுங்கல்’ வேண்டாம். ஸ்பேனர் போடும் போல்ட்டில் குழியே கிடையாது, அங்கேயும் மூலைகள்தான் மழுங்குகின்றன. ‘தலைமழுங்கல்’ என்றால் இரண்டும் அடங்கும்.

மற்றதற்கு மரையா, புரியா? பள்ளியில் திருகு அளவி படித்தபோது, அடுத்தடுத்த இரண்டு சுற்றுவரிகளுக்கு இடையிலான தூரத்தைப் ‘புரியிடைத் தூரம்’ என்று படித்தோம். அந்தக் கருவியில் அது 1 மி.மீ. வழக்கமான எம்6 போல்ட்டிலும் அதே 1 மி.மீ.தான். அந்தத் தூரத்தின் பெயரில் ‘புரி’ நன்றாக நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் பட்டறையில் யாரும் ‘புரி போச்சு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சில கலைச்சொல் பட்டியல்களில் நட்டுக்கு ‘மரை’ என்று போட்டிருப்பது உண்மைதான். புழக்கத்தில் நட்டு நட்டாகவே இருக்கிறது, மரை என்றால் அந்தச் சுற்றுவரிதான். ஆகவே ‘மரைத்தேய்வு’ என்பதே என் பரிந்துரை.

ஆலன் கீக்கு ‘அறுகோணத் திறவுகோல்’ வேண்டாம் என்பது என் கருத்து. ஆலன் என்பது அறுகோணக் குழியுள்ள திருகுத் தலையைச் செய்யும் முறைக்கு 1910இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவரின் பெயர். பெயர் பெயராகவே இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. மரத்துகளை அழுத்திச் செய்த துகள்பலகையில் திருகாணி போன ஓட்டையே பெருத்து, ஆணி பிடிக்காமல் போவது. பல்குச்சியில் ஃபெவிகால் தடவிச் செருகி, ஓர் இரவு காயவிட்டு மறுபடி முடுக்குகிறோமே, அந்தக் கோளாறு. இதற்கு ஆசாரிகள் சொல்லும் சொல் உங்கள் ஊரில் என்ன?