தொட்டியில் வளரும் குறுந்தவளைக்கு ஒரு பெயர்

டாலஸ் | தொடக்க மடல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் வீட்டில் வளர்க்கும் உயிர்களைப் பற்றி உயிருக்கு ஒரு பக்கம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். நாய், பூனை, கிளி, தங்கமீன் வரை சிக்கல் இல்லை. மீன்தொட்டியில் வளர்க்கும் அந்தச் சின்னத் தவளையிடம் வந்து நின்றுவிட்டோம். அமெரிக்காவில் மீன் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. 'ஆப்பிரிக்கன் டுவார்ஃப் ஃப்ராக்' என்று எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் நிலைத்த பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். முழுதாக வளர்ந்தாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். பழுப்பும் சாம்பலும் கலந்த உடம்பு, மேலே கரும்புள்ளிகள். காங்கோ, கேமரூன், காபோன் பக்கம் சொந்த ஊர். நம் ஊர்த் தவளை போலக் கரையேறி உட்காராது. முட்டை, தலைப்பிரட்டை, வளர்ந்த தவளை எல்லாமே தண்ணீருக்குள்தான். தொட்டியை விட்டு வெளியே குதித்தால் தோல் காய்ந்து சீக்கிரமே செத்துவிடும். ஆனால் வளர்ந்த தவளைக்கு மூச்சு நுரையீரலில், செவுளில் இல்லை. அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு கீழே போய்விடும்.

இதுவரை வந்த யோசனைகள் எதுவும் தேறவில்லை. 'குள்ளத் தவளை' நேர்ச் சொல்தான். ஒன்பது வயதுப் பிள்ளைகள் கையில் 'குள்ள' என்ற சொல்லைக் கொடுத்தால் அடுத்த நாள் அது தவளையோடு நிற்காது என்று எங்கள் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். 'குட்டைத் தவளை' என்றால் உயரம் குட்டையா, குளம் குட்டையில் வாழ்வதா? அப்புறம், 'சிறு நீர்த்தவளை' என்று ஒருவர் எழுதினார். யார் என்று சொல்ல மாட்டேன். அந்த இடைவெளியை யாராவது சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டால் தவளையின் மானம் போய்விடும்.

வேறு வழி சொல்லுங்கள்.

திருநெல்வேலி | மறுமொழி

அம்மா, வணக்கம். கல்லூரியில் விலங்கியல் நடத்திய பழக்கத்தில் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவைச் சொல்ல 'குறு' போதும். குறுஞ்செய்தி, குறுந்தகடு, குறுங்கோள் எல்லாம் ஏற்கெனவே புழங்குகின்றன. குறுந்தவளை என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அளவை மட்டும் வைத்துப் பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உலகில் சின்னத் தவளைகள் எத்தனையோ. இந்தப் பேரினத்துக்கு அறிவியல் பெயர் ஹைமெனோகைரஸ். கிரேக்கத்தில் சவ்வு, கை என்ற இரண்டு சொற்களின் கூட்டு. கடைகளில் பெரும்பாலும் விற்கும் இனம் ஹைமெனோகைரஸ் போட்கெரி. 1896-இல் விவரிக்கப்பட்டது; ஓஸ்கர் போட்கர் என்ற ஜெர்மானியத் தவளை ஆய்வாளரின் நினைவாக வைத்த பெயர். பெரும்பாலான தவளைகளுக்குப் பின்னங்காலில்தான் விரலிடைச் சவ்வு தெளிவாக இருக்கும். இதற்கு முன்னங்காலின் நான்கு விரல்களுக்கு நடுவிலும் சவ்வு உண்டு. ஆகவே 'சவ்வுக்கைத் தவளை' என் முன்மொழிவு.

இன்னொன்று. இது சேர்ந்த பைப்பிடே குடும்பத்தில் எந்தத் தவளைக்கும் நாக்கு கிடையாது. நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கும் தவளைப் படத்தை இந்தக் குறிப்பில் போட்டுவிடாதீர்கள். வாலிலி, முதுகெலும்பிலி என்ற வழியில் குடும்பத்துக்கு 'நாவிலித் தவளைகள்' என்று வைக்கலாம்.

கொளத்தூர், சென்னை | மறுமொழி

டீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் மீன் வியாபாரி, இலக்கணம் பேச வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் 'ஃப்ராக் இருக்கா' என்றுதான் கேட்பார்கள். எந்த ஃப்ராக் என்பதில்தான் வம்பே.

வெள்ளையாக, கண் சிவப்பாக ஒரு தவளைக் குட்டி விற்கும். பிள்ளைகளுக்கு அதைத்தான் பிடிக்கும். அது இது இல்லை. அது பெரிய ஆப்பிரிக்கத் தவளை, ஸெனோபஸ். குட்டியில் இரண்டும் கட்டைவிரல் நுனி அளவுதான். பிறகு அது உள்ளங்கையை அடைக்கும் அளவுக்கு வளர்ந்து, வாய்க்குள் அடங்குகிற மீனை எல்லாம் விழுங்கிவிடும். இந்தச் சின்னத் தவளையை அதோடு விட்டால் இதுவும் போச்சு. வெள்ளை நிறம் இல்லாமல் இயல்பான நிறத்திலும் ஸெனோபஸ் குட்டி வரும், அப்போது ஏமாறுவது இன்னும் சுலபம்.

நான் பார்ப்பது இப்படி. கண்ணாடியில் கையை ஊன்றி நிற்கும்போது முன்விரல்களைப் பாருங்கள். சின்னத் தவளைக்கு விரல்களுக்கு நடுவில் மெல்லிய தோல் தெரியும். பெரியதற்கு விரல்கள் தனித்தனியாக, முள்கரண்டி மாதிரி விரிந்திருக்கும். கண்ணும் சின்னதற்குத் தலையின் பக்கவாட்டில், பெரியதற்கு மேலே வானம் பார்த்த மாதிரி. அதனால் ஐயா சொன்ன பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயரைச் சொன்னாலே எங்கே பார்க்க வேண்டும் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம். சவ்வு என்றால் பிள்ளைகளுக்கு மிட்டாய்தானே ஞாபகம் வரும்?

யாழ்ப்பாணம் | மறுமொழி

வணக்கம் அக்கா. சவ்வு எங்களுக்கும் பாடப்புத்தகச் சொல்தான், தடையில்லை. 'தோல்' என்று மாற்றலாமோ என்று பார்த்தேன். தோல் என்பதோடு கை சேர்ந்தால் தோற்கை என்றாகிவிடும். தோற்கிற கை வேண்டாம்.

என்னுடைய கேள்வி 'கை' பற்றியது. தவளைக்கு முன்னங்கால் என்றுதானே படித்தோம்? பிறகு, குறிப்பில் நீங்கள் 'இருவாழ்வி' என்று போட்டால் இங்கே பிள்ளைகள் முழிப்பார்கள். நாங்கள் ஈரூடகவாழி என்றுதான் எழுதுவது. இரண்டையும் போட்டுவிடுங்கோ. நகத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கோ. ஸெனோபஸை நகத்தவளை என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலி | மறுமொழி

நகம் வைத்துப் பிரிக்க முடியாது தம்பி. பின்னங்கால் விரல்களில் சின்னக் கறுப்பு நகம் சவ்வுக்கைத் தவளைக்கும் உண்டு. ஸெனோபஸுக்கு நகத்தவளை என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். சங்கச் சொல் வேண்டும் என்று யாராவது 'உகிர்த்தவளை' கேட்பார்கள். கேட்பவர்களே அதைப் பிள்ளைகளுக்கு விளக்கட்டும்.

கை விஷயத்தில் பிடிவாதம் இல்லை. ஆனால் யானையின் மூக்கையே துதிக்கை என்றவர்கள் நாம்.

டாலஸ் | மறுமொழி

ஐயாவுக்கும் கொளத்தூர் அண்ணனுக்கும் யாழ்ப்பாணத் தம்பிக்கும் நன்றி. இழை ஜவ்வாக இழுபடும் முன் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

சவ்வுக்கைத் தவளை என்றே வைத்துக்கொள்கிறேன். குறுந்தவளை என்பதை விளக்க வரியில் போடலாம், பெயராக வேண்டாம். அளவை நம்பி வாங்கினால் ஏமாறுவோம் என்று அண்ணன் சொன்னது ஒன்றே போதும்; பெயர் அளவைச் சொல்லக் கூடாது, அடையாளத்தைச் சொல்ல வேண்டும். மிட்டாய் ஞாபகம் வந்தால் வரட்டும், அந்த மிட்டாயும் விரலுக்கு விரல் இழுபடுவதுதானே. ஈரூடகவாழி, இருவாழ்வி இரண்டும் இருக்கும். நாவிலியும் இருக்கும்.

'கை'யை நான் விடமாட்டேன். தொட்டி முன் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். உறைநிலையில் விற்கும் பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழுவைக் கரைத்து, டிராப்பரில் எடுத்து மூக்குக்கு முன்னால் மெல்ல விட்டால், முதலில் ஒன்றும் நடக்காது. தவளை சும்மா இருக்கும். பார்வை மந்தம், வாசனையும் நீரின் அசைவும்தான் அதற்கு வழிகாட்டி. மீன்களுக்கு இருக்கும் பக்கக்கோட்டு உணர்வு உறுப்பு இந்தக் குடும்பத்துத் தவளைகளுக்கும் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து உடம்பு லேசாக முன்னால் சாயும், கைகள் இரண்டும் விரியும், படக்கென்று ஒரு பாய்ச்சல். பாதி நேரம் குறி தவறும். பக்கத்துத் தவளையின் கால் வாயில் மாட்டும், இரண்டும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு நிற்கும், பிறகு விட்டுவிடும். சரியாகப் பட்டால் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்துப் புழுவை உறிஞ்சிவிடும். நகத்தவளை இரையை விரல்களால் வாய்க்குள் தள்ளித் திணிக்கும், இது உறிஞ்சும். இதையெல்லாம் பார்க்கும் பிள்ளை 'முன்னங்கால்' என்று சொல்லாது.

சாப்பாட்டில் இவ்வளவு மெத்தனம் என்பதால் சுறுசுறுப்பான மீன்களோடு வைத்தால் பட்டினிதான். மீன் தின்றுவிட்டுப் போன பிறகு இது புழுவைத் தேடிக்கொண்டிருக்கும். மண் தட்டு ஒன்றை அடியில் வைத்து, தினமும் அதே இடத்தில் இரை போட்டுப் பழக்குவது நல்லது. மேலே தூவும் மீன் தீனி இதற்கு ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு ஜோடிக்கு 20 லிட்டராவது தண்ணீர். ஆழம் 30 சென்டிமீட்டருக்கு மேல் தேவையில்லை, மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய உயிர். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். மூடி கட்டாயம், நீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று இடைவெளியும் கட்டாயம். வாயில் அடங்குகிற அளவு கூழாங்கல் வேண்டாம், புழுவோடு சேர்த்து விழுங்கிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரினை நீக்காமல் விடக் கூடாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு தவளையும் ஒரு மூங்கில் குச்சியும் போட்டு மேசை அலங்காரமாக விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம் என்று பச்சையாகவே எழுதியிருக்கிறேன். வடிகட்டி இல்லை, வெப்பமூட்டி இல்லை. ஒழுங்காக வைத்தால் ஐந்தாண்டு வாழக்கூடிய உயிர் அது.

அடுத்தது பெற்றோருக்கான பகுதி. இதைக் குறிப்பின் முதல் வரியாகப் போடச் சொல்லி ஆசிரியர்களிடம் சண்டை போட்டேன். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் 44 மாநிலங்களில் 376 பேருக்கு இந்தத் தவளைகள் வழியாக சால்மொனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று வந்தது. பாதிப்பேர் ஐந்து வயதோ அதற்குக் கீழோ. உயிரிழப்பு இல்லை, ஆனால் விவரம் கிடைத்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. தடம் பிடித்துப் போனால் கலிபோர்னியாவில் ஒரே ஒரு தவளைப் பண்ணையில் போய் நின்றது. தவளை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கிருமி அதன் குடலிலும் தொட்டித் தண்ணீரிலும் இருக்கும். தண்ணீரில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் இருவாழ்விகளே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. அக்காவுக்குத் தவளை வாங்கிக் கொடுக்கும்போது தம்பிக்கு என்ன வயது என்று கேளுங்கள் என எழுதியிருக்கிறேன்.

மீதி இரண்டு சொல். ஆண் தவளை நீருக்கடியில் மெல்ல ஓர் ஒலி எழுப்பும், மோட்டார் ஓடுகிற மாதிரி. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ரீங்காரம் கையிலேயே இருக்கிறது. ஆணை அடையாளம் காட்டும், கைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் புடைப்புக்கு 'அக்குள் சுரப்பி' என்று எழுதியிருக்கிறேன், ஐயா பார்த்துச் சொல்லவும். நான் தடுமாறுவது வேறொன்றில். சில நேரம் கை காலை விரித்து நீர்மட்டத்தில் அசையாமல் கிடக்கும். பிள்ளைகள் செத்துவிட்டது என்று அழுகிறார்கள். தொட்டால் துள்ளி ஓடும். இந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும்.

கொளத்தூர், சென்னை | மறுமொழி

சவாசனம்!

திருநெல்வேலி | மறுமொழி

அக்குள் சுரப்பி சரிதான். இன்னும் துல்லியமாக வேண்டுமானால் 'அக்குள் பின்சுரப்பி', பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நீர்மட்டத்தில் கிடப்பதற்கு 'மிதப்பு' போதுமே.

யாழ்ப்பாணம் | மறுமொழி

ஐயா, 'அவர் மிதப்பில் இருக்கிறார்' என்றால் தமிழ்நாட்டில் வேறு பொருள் என்று கேள்விப்பட்டேன். தவளைக்கு அந்தக் கெட்ட பெயர் எதற்கு?

டாலஸ் | மறுமொழி

சவாசனத்தைக் குறிப்பில் போட்டால் செத்துவிட்டது என்று அழுகிற பிள்ளைக்கு ஆறுதலாக இருக்காது அண்ணே. 'மிதந்து கிடத்தல்' என்று சாதாரணமாகவே எழுதிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டும் என்று கட்டாயமா என்ன?

சவ்வுக்கைத் தவளை, நாவிலித் தவளை இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன், ஒற்று மிகும். தலைச்சொல்லை நாளை பட்டியலில் ஏற்றுகிறேன். முன்விரல்களும் கண்ணும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு தவளையின் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கொளத்தூர் அண்ணன் கடையில் இரண்டும் இருக்குமே.