கொல்கத்தாவில் கால்பந்து டூர்: அப்பாவைக் கூட்டிப் போகிறேன், எதை விடக் கூடாது?

லெஃப்ட்பேக் மகள்

வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. இளமையில் வியாசர்பாடியில் லெஃப்ட் பேக் ஆடியவர். வேலை, குடும்பம் என்று ஆனபிறகு பந்து நின்றுவிட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. அந்த ஊர்க் கிளப்பான மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஜெயித்த அந்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. வருகிற ஜூலைக் கடைசியில் கொல்கத்தாவுக்குக் கூட்டிப் போகிறேன். கையில் இரண்டு நாள்தான்.

கைடோடு போகிற கால்பந்து டூர்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஒன்றில் மூன்று மணி நேரத்தில் ஐந்து இடம், எல்லாம் காரில். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். இதற்குப் பணம் கட்டலாமா, நாங்களாகவே போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹவுரா மெயில்

தங்கச்சி, 1989 முதல் 12 வருடம் கொல்கத்தாவில் வேலை பார்த்தவன் நான். சனிக்கிழமை மதியம் ஆனால் மைதானில்தான் இருப்பேன், அதாவது நகர நடுவில் கிளப்புகள் இருக்கிற அந்தப் பெரிய புல்வெளியில். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரத்தில் ஐந்து இடம் வேண்டவே வேண்டாம். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆரம்பிக்கவும் வேண்டாம். அது பெரிதாக இருக்கும், படம் நன்றாக விழும், அதனால் முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். உங்கள் அப்பா தேடுவது மைதானில் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு எஸ்பிளனேடில் இறங்குங்கள். வெயிலுக்கு முன்னால் மெதுவாக நடந்தால் இருபது நிமிடத்தில் மோகன் பகான் மைதானம் வந்துவிடும், ஈடன் கார்டனுக்கு எதிரே. அந்த வெறுங்கால் ஆட்டம் நடந்த காலத்தில் அது கல்கத்தா எஃப்.சி. என்ற வெள்ளைக்காரர்களின் கிளப் மைதானம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது அங்கேதான். எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், பிரிட்டிஷ் பட்டாளத்து அணி. முதல் கோல் அவர்களுடையது. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், ஆட்டம் முடிகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவதைப் போட்டார். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். அவரும் உங்கள் அப்பா மாதிரி பேக்தான், மறக்காமல் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் பின்னால் எதுவும் தெரியாமல் நின்றவர்களுக்காகக் காற்றாடியில் கோல் கணக்கை எழுதிப் பறக்கவிட்டார்கள் என்பார்கள். நல்ல கைடு என்றால் அந்த இடத்தில் உங்களை அரை மணி நேரமாவது நிற்கவைத்து இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

அங்கே கிளப்பை 'டென்ட்' என்றுதான் சொல்வார்கள். மைதான் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிற நிலம், நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. டென்ட் என்ற பேச்சும் அப்படி வந்ததுதான். ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டும் நடக்கிற தூரம். முகமதன் டென்ட் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்கத்தா லீகை முதலில் வென்ற இந்திய அணி அது. 1934-ல் தொடங்கி 1938 வரை ஐந்து வருடம் விடாமல் வென்றார்கள். டூர்களில் அதைப் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

ஈஸ்ட் பெங்கால் வாசலில் அப்பாவிடம் 'பஞ்ச பாண்டவர்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சாலே, அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ். நாற்பதுகளின் கடைசியில் அந்த அணியின் முன்வரிசை. ஐந்து பேருமே நம் தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள்! மெட்ராஸில் ஆடிய ஆளுக்கு அந்த வாசலில் சொந்தம் இல்லாமல் இருக்குமா?

இன்னொன்று. தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடிந்தால் ஜூலை 29 அன்று அங்கே இருங்கள். அதை மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகஸ்ட் 1 ஈஸ்ட் பெங்கால் தொடங்கப்பட்ட நாள், 1920-ல். இரண்டுக்கும் இடையில் மூன்றே நாள்.

மழைக்கால லீக்

அக்கா, நான் இரண்டு வருடம் முன்னால் ஒரு டூரில் போனேன். பெயர் வேண்டாம். ஐந்து இடத்தில் நான்கில் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். கைடு உள்ளே விடுவார்களா என்று வாட்ச்மேனிடம் அப்போதுதான் கேட்கிறார். நான் ஆசை ஆசையாகப் போனவன், அன்று ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்: எந்தக் கிளப்பில் உள்ளே போக முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறீர்கள்? இல்லையென்றால் எதைக் காட்டுவீர்கள்? நேராகப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். மறுநாள் நானாகவே காலையில் ஒரு டென்டுக்குப் போய், சென்னையிலிருந்து வருகிறேன், கால்பந்துக்காகவே வந்தேன் என்று அங்கிருந்த பெரியவரிடம் சொன்னேன். உட்காரவைத்து டீ கொடுத்து ஒரு மணி நேரம் பேசினார்.

அப்புறம், நீங்கள் போவது லீக் நடக்கிற பருவம். மைதானிலோ பக்கத்து ஊர்களிலோ மதியம் ஒரு ஆட்டம் இருந்தால் மற்ற எதையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். குடை மறக்காதீர்கள்.

சிவப்பு மஞ்சள்

ஹவுரா மெயில் அண்ணன் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் நான் உடன்படவில்லை. சால்ட் லேக் வெறும் படம் எடுக்கிற இடமா? 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். இப்போது அத்தனை பேர் உட்கார முடியாது, புதுப்பித்தபிறகு சுமார் 85,000 தான். 2011-ல் மெஸ்ஸி அர்ஜென்டினாவின் முழுநேர கேப்டனாக முதலில் ஆடியதும் அங்கேதான், வெனிசுவேலாவுக்கு எதிராக. இரண்டாம் நாள் கட்டாயம் போங்கள். எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோவில் நேராகப் போகலாம், ஸ்டேடியம் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கும் நல்லது.

ஈடன் கார்டனைத் தாண்டும்போது இன்னொரு நாளையும் நினையுங்கள். 1980 ஆகஸ்ட் 16, டெர்பி ஆட்டத்தில், அதாவது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில், கலவரம் வந்து நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். அது கிரிக்கெட் மைதானம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிற கைடு எனக்கு வேண்டாம்.

ஹவுரா மெயில்

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அந்த 97 ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மோகன் பகானின் ஒரே கோலை சீமா ஒகோரி போட்டபோது எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது காதில் விழவில்லை. அப்புறம் நடந்ததற்கு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சி, இரண்டாம் நாள் சால்ட் லேக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாள் காலை மைதானுக்குத்தான். அதை மாற்ற வேண்டாம்.

லெஃப்ட்பேக் மகள்

எல்லாருக்கும் நன்றி. அந்தக் கார் டூரை விட்டுவிட்டேன். மைதானுக்கு மட்டும் அரை நாளுக்கு ஒரு கைடிடம் பேசியிருக்கிறேன், மோகன் பகானில் முன்பே கேட்டுவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட்டை 28-ம் தேதி போய்ச் சேருகிற மாதிரி மாற்றிவிட்டேன்.

பஞ்ச பாண்டவர் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா ஐந்து பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். இப்போது இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கிறார்.